ஏப்ரலில் மொம்பாசா

மேட்டுநாட்டு ஊரான கிட்டாலேயில், கடலோர மொம்பாசாவுக்குப் போக நினைக்கிறவர்கள் முதலில் நசிமியுவைத்தான் போய்ப் பார்ப்பார்கள். எந்த மாதம் கிளம்பலாம், தலைக்கு எவ்வளவு ஆகும், ரயில் நல்லதா பஸ் நல்லதா, எந்தப் பக்கம் அறை மலிவு, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவள் மொம்பாசாவைக் கண்ணால் பார்த்ததே கிடையாது என்பதும் ஊருக்குத் தெரியும். நஃபூலா வரும்வரை அதை யாரும் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

இத்தனையும் அவள் கற்றுக்கொண்டது பொறாமையில்தான். அவள் கணவன் வன்யாமா பதினேழு வருஷம் சோள லாரி ஓட்டினான். கிட்டாலேயில் மூட்டை ஏற்றி மொம்பாசாவில் இறக்கவேண்டும். ஐந்து நாளில் வருகிறேன் என்று போகிறவன் ஒன்பதாம் நாள் வந்து நிற்பான். கேட்டால், "அங்க ஒரே மழை, மூட்டையை இறக்க விடல" என்பான். நவம்பர் மாதம், இங்கே ஊரெல்லாம் முற்றத்தில் சோளத்தைப் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருக்கும்போது, அங்கே மட்டும் எப்படி மழை பெய்யும் என்று நசிமியுவுக்குப் புரியவில்லை. ஒரு ராத்திரி தங்க அறுநூறு ஷில்லிங் என்று வேறு கணக்குச் சொல்வான்.

அவள் ஒரு பெண்கள் பள்ளியில் சமையல்காரி. அறுநூறு பிள்ளைகளுக்குக் களி கிண்டுகிற கை. விடுமுறை நாட்களில் சோளக் கிடங்குக்குப் போய், வரிசையில் நிற்கிற மற்ற லாரிக்காரர்களிடம் பேச்சுக் கொடுப்பாள். அங்கே எப்போது மழை, எத்தனை நாள், அறைக்கு என்ன வாங்குகிறான், சாப்பாடு என்ன விலை என்று விசாரிப்பாள். கேட்டதையெல்லாம் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் மாதவாரியாக எழுதிவைத்தாள். இரண்டு வருஷத்தில் உண்மை தெரிந்தது. மழை நிஜம். ஏப்ரல் பாதியிலிருந்து மே கடைசிவரை ஒரு பெருமழை, அக்டோபர் நவம்பரில் ஒரு சின்ன மழை. அறை வாடகைதான் பொய். லாரிக்காரர்கள் தங்கும் இடத்தில் எல்லாருக்கும் முந்நூறுதான். மிச்ச முந்நூறு எங்கே போனது, யாரிடம் போனது என்பது மட்டும் அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. மொம்பாசாவை அவள் சக்களத்தியைத் தெரிந்துவைத்திருப்பதுபோலத் தெரிந்துவைத்திருந்தாள். எப்போது அழகாக இருப்பாள், எப்போது சிடுசிடுப்பாள், அவளுக்கு எவ்வளவு அழவேண்டும் என்பதெல்லாம் அந்த நோட்டில் இருந்தது.

வன்யாமாவுக்கு முதுகு போய் லாரியை விட்ட பிறகும் அவள் நோட்டை விடவில்லை. யாராவது தேன்நிலவுக்கு, வேலைத் தேர்வுக்கு, தேவாலயப் பயணத்துக்கு மொம்பாசா போவதென்றால் அவளிடம் வருவார்கள். திரும்பி வந்ததும் புது விலைகளைச் சொல்லிவிட்டுப் போகவேண்டும். அதுதான் அவள் வாங்கிய கூலி. தானும் ஒருநாள் போவோம் என்று ஒரு திட்டம் எழுதிவைத்திருந்தாள். பள்ளி விடுமுறை ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் மூன்றில்தான். ஏப்ரலில் மழை, டிசம்பரில் கூட்டமும் இரட்டை வாடகையும். ஆகவே ஆகஸ்ட்.

நஃபூலா நைரோபியிலிருந்து வந்து பஸ் நிலையத்துக்கு எதிரே முடி அலங்காரக் கடை திறந்தவள். முப்பத்தைந்து வயது, நசிமியுவைவிடப் பதினைந்து வயது இளையவள். கடை திறந்த ஆறாவது மாதமே சீட்டுக் குழுவில் சேர்ந்துவிட்டாள். பத்துப் பெண்கள் சனிக்கிழமைதோறும் கூடி சீட்டுப் போடும் குழு அது. மொம்பாசாவுக்கு அவள் இரண்டு தடவை போயிருந்தாள். கைபேசியில் படங்கள் இருந்தன. மணலில் சாய்ந்து இளநீர் குடிக்கும் நஃபூலா, படகில் தலைமுடி பறக்கும் நஃபூலா. பெண்கள் தலையோடு தலை மோதிக்கொண்டு பார்ப்பார்கள். நசிமியு தள்ளி உட்கார்ந்து தேநீர் ஊற்றுவாள். அந்தப் படங்களில் கடல் எந்த நிறம் என்று எட்டிப் பார்க்க ஆசைதான். பார்க்கவில்லை.

குழுவே சேர்ந்து மொம்பாசா போவது என்று முடிவான அன்று, தன் நேரம் வந்துவிட்டது என்று நசிமியு நினைத்தாள். எழுந்து நின்று நோட்டைப் பிரித்துப் படித்தாள்.

"ஆகஸ்ட் ரெண்டாவது வாரம். மழை இருக்காது, காத்து சில்லுனு இருக்கும். நைரோபிவரைக்கும் பஸ், அங்கேருந்து ரயில், போக வர ஆறாயிரம். வீடு நாலு நாளைக்குத் தலைக்கு நாலாயிரம். சாப்பாடு ரெண்டாயிரத்து ஐந்நூறு. சுத்திப் பாக்க ஆயிரம், கைக்காவல் ஆயிரம். மொத்தம் பதினாலாயிரத்து ஐந்நூறு."

"கைக்காவல்னா என்னக்கா?" என்று நஃபூலா கேட்டாள்.

"எதுக்குன்னு முன்னாடி தெரியாத செலவுக்கு."

"எதுக்குன்னே தெரியாம ஆயிரமா?" என்றாள் காய்கறி விற்கும் கெட்ரூட். எல்லாரும் சிரித்தார்கள்.

நஃபூலா சிரிக்காமல் பணிவாகத்தான் சொன்னாள். "அக்கா சொல்றது சரிதான். ஆனா ஏப்ரல்ல போனா அதே மாதிரி வீடு பாதி வாடகை. கடலுக்குப் பக்கத்துலயே, பம்புரியில. நேத்துதான் வீட்டுக்காரம்மாகிட்ட பேசினேன். இங்கேருந்து நேர் பஸ், நாமே சமைச்சுக்கலாம். தலைக்கு ஒன்பதாயிரத்துல முடிச்சுடலாம்."

"அஞ்சாயிரத்து ஐந்நூறு மிச்சம்டி. ஒரு ஆடே வாங்கலாம்," என்றாள் கெட்ரூட்.

குழுத் தலைவி சிஃபூனா அம்மா ஓய்வு பெற்ற நர்ஸ். எதையும் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொள்கிறவள். அவள் நசிமியுவின் பக்கம் திரும்பினாள். "ஏப்ரல் எப்படி இருக்கும், நசிமியு? உனக்குத்தான் தெரியும்."

நோட்டில் ஏப்ரல் பக்கம் அவள் விரலுக்கடியில்தான் இருந்தது. 'பதினைந்துக்கு மேல் போகவே கூடாது' என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருந்தாள். வாயைத் திறக்கப்போனாள். அதற்குள் பின்னாலிருந்து யாரோ, "அவளுக்கென்ன தெரியும், இவதான் ரெண்டு தடவை போயிட்டு வந்திருக்கா," என்றார்கள்.

நசிமியு நோட்டை மூடினாள். "போயிட்டு வந்தவங்களையே கேளுங்க," என்றாள்.

"நான் போன ரெண்டு தடவையும் ஒரு சொட்டு மழை கிடையாது," என்றாள் நஃபூலா. அது பொய்யில்லை. இரண்டு தடவையும் அவள் போனது டிசம்பரில். அந்தப் படங்களில் பின்னால் தெரிந்த கிறிஸ்துமஸ் தோரணங்களை யாரும் கவனிக்கவில்லை. ஏப்ரல் இருபதாம் தேதி கிளம்புவது என்று முடிவானது.

வீட்டில் வன்யாமா அதைக் கேட்டதும் சாய்ந்திருந்தவன் நிமிர்ந்தான். "ஏப்ரல் இருபதா? அந்த வாரத்துல லாரியே நீந்தித்தான் போகும். நீ சொல்லலையா?"

"போனவ பேசும்போது போகாதவ என்ன பேசுறது?"

"சிஃபூனா அம்மா கேட்டிருப்பாங்களே."

"கேட்டாங்க."

அவன் மறுபடி சாய்ந்துகொண்டான். "அப்ப நீயாவது போகாம இரு. நனையறதுக்கா இத்தனை வருஷம் காத்திருந்தே?"

"நான் போவேன்," என்றாள். நஃபூலாவின் முகத்தில் மழை விழுவதைப் பார்க்கவேண்டும். அதை அவனிடம் சொல்லவில்லை. மறுநாள் கடைத்தெருவில் ஒரு மழைக்கோட்டும் முழங்கால்வரை வரும் ரப்பர் காலணியும் வாங்கினாள். ஆறாயிரம் ஷில்லிங்கைத் துணியில் முடிந்து பையின் அடியில் வைத்தாள். கைக்காவல்.

மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பிய பஸ் மறுநாள் காலையில் மொம்பாசா சேர்ந்தது. பம்புரி வீட்டுச் சுற்றுச்சுவரைத் தாண்டியதும் மணல், மணல் முடிந்ததும் கடல். வானத்தில் மருந்துக்கும் ஒரு மேகம் இல்லை. கெட்ரூட் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். சிஃபூனா அம்மா முழங்கால்வரை பாவாடையைத் தூக்கிக்கொண்டு நின்று அழுதாள். அவளுக்கு அறுபத்தாறு வயது, அன்றுதான் முதல் தடவை. எல்லாரும் நஃபூலாவைக் கட்டிக்கொண்டார்கள். "நீ இல்லன்னா நாங்க செத்த பிறகுதான் இதைப் பாத்திருப்போம்டி."

இருபது வருஷமாக எழுதி எழுதிப் பார்த்த கடல் நசிமியுவின் எதிரே கிடந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நோட்டு தப்பாகிவிட்டதோ என்று பயந்தாள். அன்று முழுக்க வெயில். பெண்கள் தண்ணீரிலேயே கிடந்தார்கள். தலை வலிக்கிறது என்று சொல்லி அவள் வீட்டிலேயே இருந்தாள்.

மறுநாள் காலை உணவின்போது மழை வந்தது. முதலில் தகரத்தில் நாலு தட்டு. பிறகு எதிரே இருந்த தென்னை மரங்கள் மறைந்துபோகும் அளவுக்குப் பெய்தது. பழைய கோட்டையைப் பார்க்கப் போவதாக எல்லாரும் பளிச்சென்று உடுத்தி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். சந்தில் தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. வீட்டுக்கார அம்மா சலாமா குடை பிடித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"நீங்க மேட்டுநாட்டு ஆளுங்களா? ஏப்ரல்ல மழையைப் பாக்க வந்தவங்க நீங்கதான் முதல்ல," என்றாள்.

"எப்பம்மா விடும்?" என்றாள் சிஃபூனா அம்மா.

"மே கடைசியில."

கெட்ரூட் நஃபூலாவின் பக்கம் திரும்பினாள். "மழைக்காலத்துல பொறந்தேன்னுதானே உனக்கு நஃபூலான்னு பேர் வச்சாங்க? வரும்போது அதையும் கூட்டிட்டு வந்துட்டியே தாயி." முன்தினம் கட்டிக்கொண்டவர்கள்தான் அன்று அவளைச் சுற்றி உட்கார்ந்து கணக்குக் கேட்டார்கள். பாதி வாடகை ஏன் பாதி வாடகை என்று விசாரித்தாயா? வீட்டுக்காரி சொல்லவில்லையா? ஆட்டோக்காரன் மூன்று மடங்கு கேட்கிறானே, அதற்குப் பணம் எங்கே? நஃபூலா தலையைக் குனிந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை நசிமியு பார்த்தாள். வெல்லம் கரைவதுபோல நெஞ்சுக்குள் ஒன்று இறங்கியது.

ரொட்டியும் பாலும் தீர்ந்துபோயிருந்தன. "நான் போயி வாங்கிட்டு வரேன்," என்று நசிமியு எழுந்தாள். அந்த நல்ல மனநிலையில் யோசிக்காமல் பையைத் திறந்து மழைக்கோட்டை எடுத்து மாட்டினாள். ரப்பர் காலணிக்குள் காலை விட்டாள். நிமிர்ந்தபோது ஒன்பது பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது என்னடி?" என்றாள் கெட்ரூட்.

"மழைக்கோட்டு."

"அது தெரியுது. கடல்ல குளிக்க வந்தவ முழங்கால் பூட்ஸை எதுக்கு மூட்டை கட்டினா?"

நசிமியு குனிந்து காலணியைப் பார்த்தாள். நஃபூலாதான் மெதுவாகச் சொன்னாள். "அக்காவுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு."

"நான் உன்னைக் கேட்டேன், நசிமியு," என்றாள் சிஃபூனா அம்மா. "பேர் சொல்லிக் கேட்டேன்."

நசிமியு மழையில் இறங்கிப் போனாள். கடை பத்து நிமிஷத் தூரம். அவள் ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்பினாள். ரொட்டியை யாரும் அவள் கையிலிருந்து வாங்கவில்லை, மேசையில் வைத்தாள்.

மூன்றாம் நாளும் மழை. கூரை இரண்டு இடத்தில் ஒழுகத் தொடங்கியது. நஃபூலா எழுந்து சொட்டும் இடங்களில் சட்டிகளை வைத்தாள். பிறகு சிஃபூனா அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து அவள் நரைமுடியைப் பின்னத் தொடங்கினாள். காசு கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் ஐந்து தலை முடிந்தது. சட்டியில் விழும் சொட்டுக்குத் தாளம் போட்டு கெட்ரூட் கல்யாணப் பாட்டு ஒன்றை எடுத்தாள், மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். சலாமா தேங்காய்ப்பாலில் வெந்த துவரையும் மாமிரி ரொட்டியும் கொண்டுவந்தவள் போகவே இல்லை. சாயங்காலம் யாரோ, "நனையத்தானே வந்தோம், வாங்கடி," என்றார்கள். உள்பாவாடையோடு ஒன்பது பேரும் அலறிக்கொண்டு மழைக்குள் ஓடிக் கடலில் விழுந்தார்கள். மேலேயும் தண்ணீர், கீழேயும் தண்ணீர். சலாமா தன் வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டாள்.

நசிமியு தாழ்வாரத்தில் மழைக்கோட்டோடு நின்றாள். நஃபூலா தண்ணீருக்குள்ளிருந்து கையை ஆட்டி, "வாங்கக்கா," என்று கத்தினாள். அந்தக் குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் இறங்கியிருப்பாள். அந்தக் கடற்கரையில் நனையாத ஒரே ஆள் அவள்தான். நஃபூலாமேல் அப்போது வந்த எரிச்சல் அவளுக்கு வன்யாமாமேல்கூட வந்ததில்லை.

ஊர் திரும்பவேண்டிய நாளில் வழியில் ஒரு பாலத்தின்மேல் வெள்ளம் போவதாகவும் பஸ் அடுத்த நாள்தான் என்றும் சொல்லிவிட்டார்கள். இன்னொரு நாள் வாடகை, இன்னொரு நாள் சாப்பாடு. குழுப் பணத்தில் நானூறு ஷில்லிங் மிச்சம். நசிமியு பையிலிருந்த துணி முடிச்சை அவிழ்த்து ஆறாயிரத்தையும் மேசையில் வைத்தாள். யாரும் நன்றி சொல்லவில்லை. கெட்ரூட் எடுத்து எண்ணினாள், அவ்வளவுதான்.

சமையலறையில் நஃபூலா உருளைக்கிழங்கை மாவில் தோய்த்துப் பொரித்துக்கொண்டிருந்தாள். நசிமியு வெங்காயத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றை எடுத்துத் தோலுரித்தாள்.

"ஏன்க்கா சொல்லல?" என்றாள் நஃபூலா, எண்ணெயைப் பார்த்தபடி.

"உன்மேல மழை பெய்யணும்னு இருந்துச்சு."

"பெஞ்சுது."

"ஆமா."

"எல்லார் மேலயும்தான் பெஞ்சுது." நஃபூலா ஒரு கிழங்கைத் திருப்பிப் போட்டாள். "நான் வந்து உங்களைக் கேட்டிருக்கலாம். நான் ஊருக்கு வந்த நாள்லேருந்து, எதைக் கேட்டாலும் நசிமியுவைக் கேளு, நசிமியுவைக் கேளுன்னாங்க. ஒரு விஷயத்துலயாவது உங்களைக் கேக்காம செய்யணும்னு ஒரு வீம்பு."

நசிமியு வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே இருந்தாள். இவளுக்கும் என்மேல் பொறாமை இருந்ததா என்று நினைத்தபோது, வெட்கப்படவேண்டிய அந்த நேரத்திலும் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஊருக்கு வந்ததும் குழு அவளுக்கு ஐந்நூறு ஷில்லிங் அபராதம் போட்டது. தாமதமாக வந்தால், கூட்டத்தில் சண்டை போட்டால் அபராதம் உண்டு. தெரிந்ததைச் சொல்லாமல் இருந்தால் என்று ஒரு விதி இல்லை. சிஃபூனா அம்மா புதிதாக எழுதிச் சேர்த்தாள். ஆறாயிரத்தை மட்டும் நாலு தவணையில் திருப்பிக் கொடுத்தார்கள். அதோடு, அடுத்த வருஷப் பயணத்தை நசிமியுவே நடத்தவேண்டும் என்றும் தீர்மானம் போட்டார்கள்.

அவள் நடத்தினாள். ஆகஸ்ட் இரண்டாவது வாரம். ரயில் சொன்ன நிமிஷத்துக்குக் கிளம்பியது. நாலு நாளும் மழை இல்லை. கோட்டை, பழைய நகரம், படகு, சந்தை, எல்லாம் அவள் எழுதிய மணிக்கு நடந்தன. காலையில் யாரும் எழும் முன் அவள் தனியாகப் போய்க் கடலில் இறங்கி இடுப்புவரை நின்றாள். தண்ணீர் நினைத்ததைவிட உப்பாக இருந்தது. கணக்கு முடித்தபோது கைக்காவல் அப்படியே இருந்தது. மற்ற மிச்சத்தையும் சேர்த்துத் தலைக்கு ஆயிரத்து இருநூறு திருப்பிக் கொடுத்தாள்.

பெண்கள் வாங்கிக்கொண்டார்கள். நல்லா இருந்துச்சு என்றார்கள். திரும்பும் ரயிலில் சுல்தான் ஹமூது என்ற ஊரைத் தாண்டும்போது கெட்ரூட் ஆரம்பித்தாள். "அந்த சட்டியில சொட்டுச் சொட்டுனு விழுந்துச்சே, ஞாபகம் இருக்கா?" உடனே ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சிஃபூனா அம்மாவின் உள்பாவாடையை அலை கொண்டுபோன கதையைச் சொல்லிச் சொல்லிக் கண்ணீர் வரச் சிரித்தார்கள். நைரோபி வரும்வரை ஏப்ரல்தான் ஓடியது. ஆகஸ்டைப் பற்றிச் சொல்ல யாரிடமும் ஒரு கதையும் இல்லை.

"என்ன ஆச்சு, எல்லாம் சரியாத்தானே நடந்துச்சு?" என்றான் வன்யாமா, அவள் பையை வீசிய விதத்தைப் பார்த்து.

"அதுதான் ஆச்சு," என்றாள்.

ஒரு மாதம் கழித்து, பக்கத்து ஊர் தேவாலயத்திலிருந்து நாலு பெண்கள் நசிமியுவைத் தேடி வந்தார்கள். மொம்பாசா போகவேண்டுமாம். நோட்டைப் பிரித்து ஆகஸ்ட் பக்கத்தை எடுத்தாள்.

"ஆகஸ்ட் வேணாம்க்கா," என்றாள் அவர்களில் மூத்தவள். "ஏப்ரல்."

"ஏப்ரல்ல மழை கொட்டும். வீட்டை விட்டு வெளியவே வர முடியாது."

"தெரியும். உங்க குழு போயிட்டு வந்ததை ஊரே பேசுதே. அந்த மாதிரி போகணும். எவ்வளவு ஆகும்?"

நசிமியு மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். தலைக்குப் பத்தாயிரத்து ஐந்நூறு என்று எழுதினாள். மழைக்கோட்டு, ரப்பர் காலணி, ஒரு நாள் கூடுதல் வாடகை, எல்லாம் தனித்தனியே போட்டுக் கொடுத்தாள். அவர்கள் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டார்கள். எழும்போது மூத்தவள் தயங்கினாள்.

"கூட வந்து தலை பின்னி, பாட்டுப் பாட வச்சாங்களாமே, அந்த நஃபூலா. அவங்க நம்பர் உங்ககிட்ட இருக்குமா?"

"இருக்கும். தேடணும்," என்றாள் நசிமியு. கைபேசியை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மேலும் கீழுமாக வெகுநேரம் தள்ளிக்கொண்டே இருந்தாள். அந்த நம்பர் அவளுக்கு மனப்பாடம்.